மாமாவின் ஆமென்

எங்கள் வீட்டில் யாருக்கும் அமெரிக்காவில் ஓட்டுக் கிடையாது. ஆனாலும் அந்த வருடம் அமெரிக்கத் தேர்தல் புனே பக்கத்துத் தாபோடியில், எங்கள் வீட்டு ஹாலில்தான் நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஞாயிறு சாயங்காலம் குடும்ப ஜெபம். அம்மாவின் தம்பியான மாமாவும், கடைக்குட்டியான சித்தியும் அமெரிக்காவில் வேறு வேறு ஊர்களிலிருந்து வீடியோவில் வருவார்கள். அம்மா போனை பாக்கர்வடிப் பலகார டப்பாவில் சாய்த்து வைப்பாள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்கும் சங்கிலி ஜெபம் எங்களுடையது. ஒவ்வொரு ஜெபத்துக்கும் எல்லோரும் ஆமென் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அந்த ஜெபம் நமக்கும் சொந்தம்.

மாமாவுக்கு ஒரு வேட்பாளர் மேல் அசையாத நம்பிக்கை. ஆண்டவரே அனுப்பிய ஆள் என்பார். சித்தியின் சபையோ, அந்த நாட்டில் தங்கப் பேப்பர் இல்லாத ஒரு குடும்பத்தைக் கோயிலுக்குள்ளேயே தங்க வைத்திருந்தது. வெளியே வந்தால் பிடித்து நாடு கடத்திவிடுவார்கள். மாமாவின் ஆள் அப்படிச் செய்வேன் என்றுதான் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்பார் மாமா.

"பிள்ளையத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடுனப்ப மரியாள்கிட்ட யாருண்ணே பேப்பர் கேட்டா?" என்பாள் சித்தி.

இருவரும் பேச்சை முறித்துக்கொள்வார்களோ என்று அம்மா அடுப்படியில் அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு மாமா, தன் ஆள் ஜெயிக்க வேண்டுமென்று உருகி ஜெபித்தார். அம்மா மெல்ல ஆமென் என்றாள். அப்பா இருமிச் சமாளித்தார். சித்தியிடம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அக்கா, அவ ஆமென் சொல்லலேன்னா இனிமே நான் இதுக்கு வரல" என்றார் மாமா.

அடுத்தது என் முறை. சங்கிலி அறுந்துவிடுமோ என்ற பயத்தில், கணக்குப் பரீட்சைக்கு ஜெபிக்க வந்தவள் அதை மறந்தே போனேன். சித்தி போன வாரம் போனில் காட்டிய பெண்தான் நினைவுக்கு வந்தாள். கோயிலில் தங்கியிருந்த குடும்பத்துப் பிள்ளை, என் வயது. ஜன்னல் வழியாகத் தெருப் பூங்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆண்டவரே, யாரு ஜெயிச்சாலும் அந்தப் பிள்ளைய ஊஞ்சலாட விடும். மாமா வீட்டு ஊஞ்சல்கூட சும்மாத்தான் கிடக்கு" என்றேன்.

அம்மா, அப்பா, சித்தி மூவரும் ஆமென் சொன்னார்கள். நான் ஜெபிக்கத் தொடங்கியபோது மாமா மைக்கை அணைத்திருந்தார்; அவர் முகத்துக்குக் கீழே அந்த அடையாளம் அப்படியே இருந்தது. வெளியே ஸ்டேஷனில் லோனாவாலா லோக்கல் ரயில் வந்து, நின்று, கிளம்பியும் போனது. அப்புறம்தான் கரகரத்த ஒரு ஆமென் வந்தது.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டீங்களாண்ணே?" என்றாள்.

"இனிமேத்தான்" என்றார் மாமா.

மாமா தன் ஆளுக்கேதான் ஓட்டுப் போட்டார். ஆனால் கிறிஸ்துமஸுக்குச் சித்தி அனுப்பிய படத்தில், அவள் கோயிலின் உள்முற்றத்தில் ஒரு பழைய ஊஞ்சல் நின்றது. பக்கத்தில் முட்டி போட்டு ஸ்குரு முடுக்கிக்கொண்டிருந்தது மாமாதான்.

மாமா ஊரிலும் நெட் மோசம் என்றுதான் அன்றைக்கு நான் நம்பினேன். மைக்கைத் திறக்கும் ஒரு பித்தானை அழுத்த ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.