படி ஏறாதவர்களைத் தேடிப் போன பிரேமா

பிரேமாவை யாராவது 'சாது' என்று சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவள் உதவி நூலகர். நான் எட்வர்ட், வாசல் மேசையில் உட்காருகிறவன். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பம் அவளுடையது. பெண் பார்க்க வந்தவர்களிடம், "பரீட்சை முடியட்டும், அப்பால வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு நூலகப் படிப்பு படித்தவள். பிடித்தால் உடும்புப் பிடி.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிற பிள்ளைகளுக்காக, மாலையில் ஒரு வாசிப்புக்கூடம் வேண்டும் என்று போராடி வாங்கியவளும் அவள்தான். வாங்கி என்ன பயன்? ஆள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். ஒருநாள் துணைப் பதிவாளர் சுப்பிரமணி சார் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆளே வராத ரூமுக்கு எதுக்கும்மா லைட்டு, ஏசி? இந்த செமஸ்டரோட மூடிட்டு மீட்டிங் ஹாலா மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பிரேமா நூலகத்துக்குள் இருந்த கருத்துப் பெட்டியைத் திறந்து என் மேசையில் கொட்டினாள். நன்று, மிக நன்று, ஃபேன் காற்று போதவில்லை. அவ்வளவுதான்.

"எல்லாரும் நல்லாத்தானேம்மா எழுதிக்கீறாங்க" என்றேன்.

"உள்ள வந்தவங்க எழுதுனதுண்ணா இது. எங்கம்மா மீன் கூடைய தூக்கிக்கினு தெருவுல போனா, வாங்குறவங்கள ஒண்ணும் கேக்காது. கதவ சாத்துறாங்க பாருங்க, அந்த ஊட்டு வாசல்லதான் நின்னு, 'இன்னாக்கா, இன்னா கோவம்'னு கேக்கும். வராதவங்கள யாரு கேட்டோம்?"

அவள் அம்மா கங்கம்மாள் இன்றும் பொன்னேரித் தெருக்களில் மீன் விற்கிறவர். அந்த வாய் மகளுக்கும் உண்டு.

ஆனால் முதலில் அவள் செய்தது சுத்தச் சொதப்பல். கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில், டீக்கடைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினாள். 'உங்கள் குறைகளை இதில் போடவும்' என்று பெரிதாகவும், நூலகத்தின் பெயரைச் சின்னதாகவும் எழுதிவைத்தாள். பெட்டி ஒரே வாரத்தில் நிரம்பியது. பெருமையோடு கொண்டுவந்து திறந்தாள்.

'கேண்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.' 'பஸ்ஸில் சீட் கிழிந்து கம்பி குத்துகிறது.' 'சூப்பர்வைசர் மரியாதையாகப் பேச வேண்டும்.' ஒன்றில்கூடப் பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் சுவரில் பெட்டி தொங்கினால் அது கம்பெனிப் பெட்டிதான். பெயர் போட்டு எழுதினால் கான்ட்ராக்ட் அதோடு சரி என்று எல்லோருக்கும் தெரியும். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இனிமே பெட்டி வேணாம். எனக்கு வாய் கீது" என்றாள்.

மறுநாளிலிருந்து ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் அந்த டீக்கடையிலேயே போய் நின்றாள். யூனியன் ஆள் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். மழையிலும் போனாள், ஜுரத்தோடும் போனாள். கடைசியில் வாயைத் திறந்தவள் ஜெனிபர். தேர்வாய் கண்டிகையில் பேக்கிங் வேலை. எங்களிடம் பகுதிநேர எம்.காம்.

"வரக்கூடாதுன்னு இல்ல மேடம். 'காலணிகளை வெளியே விடவும்'னு வாசல்ல போர்டு வெச்சிக்கீறீங்க. நாங்க சேஃப்டி ஷூவோட எறங்குறோம். போன வருசம் எங்க லைன்ல ஒருத்தி ஷூ உங்க வாசல்ல காணாம போச்சு. ஷூ இல்லன்னா கம்பெனி கேட்டுலயே நிறுத்திடுவாங்க, அன்னிக்கு சம்பளம் கட். அந்த பேஜாரே வேணாம்னு பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்து படிச்சிக்கினு கீறோம்."

பிரேமா நேராகத் துணைப் பதிவாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஷூவோட விட்டா தரை என்ன ஆகுறது? சரஸ்வதி இருக்குற இடம்மா இது. யுனிவர்சிட்டி வாசல்ல செருப்ப எவன் திருடப்போறான்?" என்றார் சார்.

"படிக்க வர்றவங்கள சரஸ்வதி வெளிய நிக்க வெக்க மாட்டா சார். ஒரு மாசம் குடுங்க. அப்பவும் ஆள் வரலன்னா நானே பூட்டி சாவியக் குடுத்துடறேன்."

வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். வாசலில் தடிமனான தேங்காய்நார் மிதியடியை விரித்தாள். டீக்கடைக்குப் போய், "ஷூவோடயே வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முதலில் ஜெனிபர் பயந்து பயந்து வந்தாள். அவள் பின்னால் அவள் லைன் பெண்கள், அப்புறம் வேறு கம்பெனி ஆட்கள். மாதக் கடைசியில் நாற்காலி போதாமல் வகுப்பறையிலிருந்து பெஞ்சு இழுத்துப் போட்டோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முடிவு சொல்ல சுப்பிரமணி சார் வந்தார். பழக்கதோஷத்தில் தன் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தரையைக் குனிந்து பார்த்தார்.

"ஆள் வருது, சரி. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கும்மா. ஷூவ வெளிய விட்டுட்டு வரட்டும். நானே விட்டுட்டு வரலையா?" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

அவர் ஷூவைக் காணோம்.

படிக்குக் கீழே பார்த்தோம், செடிகளுக்குள் பார்த்தோம். அவர் பிரேமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சத்தியமாக அவள் இல்லை. அத்தனை நேரமும் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அப்போது நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பி வந்த ஜெனிபர், சாக்ஸோடு நின்ற அவர் காலைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் கேலி துளியும் இல்லை. பதறிப்போய்த்தான் கேட்டாள்.

"ஐயோ சார், நாளைக்கு உங்கள கேட்டுல உள்ள விடுவாங்களா?"

அவர் சாக்ஸோடு கார் வரைக்கும் நடந்தார். கதவில் கை வைத்தவர் திரும்பினார்.

"எட்வர்ட், அந்த போர்டக் கழட்டுப்பா."

நான் ஸ்டூலைத் தேடி எடுத்து வருவதற்குள், என் மேசை மேல் செருப்புக் காலோடு ஏறி நின்று, பிரேமா ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.