திரையில் வந்த என் பெயர்

விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம் மெட்ராஸுக்கு வந்துவிட்டது என்று எங்கள் தொழிற்சாலையில் முதலில் தண்டோரா போட்டவன் நான்தான். முதல் பாகத்தை நான் பார்த்திருந்தேன் என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். கல்யாணமான புதிதில் மனைவியை ஒரகடத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போய் மவுண்ட் ரோடு தியேட்டரில் பார்த்த படம் அது. எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் முழுக் கதையையும் அவளே கட்டி எனக்குச் சொன்னாள். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை எதற்காகக் கொல்லப் பார்க்கிறான் எல்லாம் அவள் சொன்னதுதான். முன் சீட்டுக்காரர் கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

“அடுத்தது வந்தா ரெண்டு பேருமா தான் வர்றோம். என்னை வுட்டுட்டு ஓடியாந்துடாதீங்க” என்றாள். பெரிய மனுஷன் போல வாக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் பாகம் வந்தபோது அவள் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருந்தாள், நிறைமாதம். மூன்று வருஷம் காத்திருந்து, குன்றத்தூர் மலைக்குக் கணக்கில்லாமல் ஏறி இறங்கி, அதன் பிறகு தங்கிய பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். காலையிலிருந்தே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவள் தம்பி கேலி செய்வான்.

ஞாயிறு தாண்டி வரும் வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாலாஜாபாத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவரிடம், “ஞாயித்துக்கெழம ஓ.டி. இருக்குது, வர முடியாதுன்னு வூட்ல சொல்லிடுங்க” என்று சொல்லியனுப்பினேன். பொய் சொல்லும்போது நாக்கு கூசவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மதியக் காட்சிக்கு ஐந்து பேர் போனோம். எங்கள் கூட்டத்துக்கு ஒரு கெட்ட விளையாட்டு உண்டு. அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் தியேட்டரில் பெயரையும் ஊரையும் கையால் எழுதி, படம் ஓடும்போதே ஸ்லைடாகத் திரையில் காட்டுவார்கள். ‘உடனே வெளியே வரவும்’ என்று கீழே இருக்கும். எங்களில் ஒருவன் பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்து போய், மேனேஜரிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் இன்னொருவன் பெயரைக் கொடுத்துவிடுவான். பெயருக்குரியவன் பதறி ஓடுவான். வெளியே ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் வெல்டரை அப்படி ஓடவிட்டு, அவன் திரும்பி வருவதற்குள் கிளைமாக்ஸ் முடிந்து, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தவன் நான். விளையாட்டை ஆரம்பித்து வைத்தவனும் நான்தான்.

படம் தொடங்கி அரை மணி இருக்கும். வெல்டர் எழுந்து வெளியே போனான். போன கொஞ்ச நேரத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே என் பெயர் வந்தது. என் பெயர், ஒரகடம், உடனே வெளியே வரவும். எழுத்து தெளிவாகவே இருந்தது. பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் தட்டி, “இன்னா, பழி வாங்கறான் பாத்தியா?” என்றான். நான் காலை நன்றாக நீட்டிக்கொண்டு, “அவன் கெடக்கறான், வுடு” என்றேன். ஸ்லைடு மறுபடியும் ஒரு முறை வந்தது. அப்போதும் சிரித்தேன். வெல்டர் திரும்பி வந்து உட்கார்ந்து, தான் எதுவும் செய்யவில்லை என்று அடித்துச் சொன்னான். அதைத்தானே நானும் போன மாதம் சொன்னேன் என்று அவன் வாயை அடைத்தேன்.

படம் முடிவில்லாமல் முடிந்தது. மீதி அடுத்த பாகத்தில் என்பது போல விட்டுவிட்டார்கள். அதைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தபோது, பேனருக்குக் கீழே என் மச்சினன் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“ஸ்லைடு போடச் சொன்னனே மாமா. ரெண்டு வாட்டி கெஞ்சினேன். பாக்கலியா?”

“இல்லியே” என்றேன். எனக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

விடிகாலையில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருக்கிறது. ஆண். பதினோரு மணிவாக்கில், மூச்சு சரியில்லை, அப்பாவை வரச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஓ.டி.யில் இருப்பேன் என்று நம்பி மச்சினன் தொழிற்சாலைக்கு ஓடியிருக்கிறான். வாட்ச்மேன், இன்றைக்கு ஏது ஓ.டி., பசங்க எல்லாம் படத்துக்குப் போயிட்டாங்க என்று தியேட்டர் பெயரைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து மெட்ராஸ். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றதும் என் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, நான் வருவேன் வருவேன் என்று வாசலை விட்டு நகராமல் நின்றிருக்கிறான்.

பஸ்ஸில் அவன் என்னை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். செம்பரம்பாக்கம் தாண்டும்போது மட்டும் திரும்பி, “அக்கா உங்களத்தான் கேட்டுக்கினே இருந்துச்சு” என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஆறு மணி வரைக்கும் உயிர் இருந்தது என்றார் மாமியார். முதல் ஸ்லைடு வந்தபோதே எழுந்திருந்தால் அரை மணி நேரமாவது அவனை உயிரோடு பார்த்திருப்பேன். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் விடை மாறவில்லை. என் மூக்கு அவனுக்கு. கையில் வாங்கியபோது துணி மட்டும் கதகதப்பாக இருந்தது.

“நீங்க வந்து பேரு சொல்லிக் கூப்பிடட்டும்னு, நான் கூப்பிடாம வெச்சிருந்தேன்” என்றாள் மனைவி. ஓ.டி. பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பெயரில்லாமலே அவனை மண்ணுக்குக் கொடுத்தேன்.

படத்துக்குப் போனதை எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். திட்டு எனக்கு வேண்டியும் இருந்தது. ஆனால் ஸ்லைடு விஷயத்தில் பழி தியேட்டர்காரன் மேல் போய் விழுந்தது. சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு போடாமலே விட்டிருக்கிறான் பாவி என்று மச்சினன் வருஷக்கணக்கில் சாபம் விட்டான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டினேன்.

மூன்றாம் பாகம் வந்தபோது எங்களுக்கு ஒன்றரை வயதில் மகள் இருந்தாள். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனைவிதான், “போலாம். ரெண்டு பேருமா” என்றாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம். அதே தியேட்டர்.

இடைவேளைக்குப் பிறகு, திரையில் ஒரு ஸ்லைடு வந்தது. யாரோ பூந்தமல்லிக்காரர். மூன்று வரிசை முன்னால் ஒருவர் துள்ளி எழுந்து, ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு ஓடினார். அவர் கதவைத் திறந்து மறையும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ பெருசாவா போடறாங்க?”

“ம்” என்றேன்.

பிறகு, என் பக்கம் திரும்பாமலே, “அப்ப, பாத்தீங்க” என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனால் அந்த ஆள் ஓடிய ஓட்டத்தை நானும்தானே பார்த்தேன்.

“பாத்தேன்” என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை, அழவுமில்லை. கைப்பிடியில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்தைக் கடைசி வரை பார்த்தோம். இந்த முறை முடிவு இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரகடத்தில் இறங்கும் வரை அவள் கதை சொல்லவில்லை.