ஷூவோடு அளந்த உயரம்

கூடைப்பந்து ஆடுவதற்காகவே தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்குச் சம்பளத்துக்குப் போன முதல் ஆட்களில் நானும் ஒருவன். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விசாவில் 'ஸ்டோர் கிளார்க்' என்று போட்டிருந்தார்கள்.

ஷார்ஜாவில் டைல்ஸ் வியாபாரம் செய்த ஓர் அரபி முதலாளிக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். கம்பெனிக்கென்றே ஒரு டீம் வைத்திருந்தார். உயரமான ஆள் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்ப, சென்னை ஏஜென்ட் என்னைச் சுவரில் சாய்த்து அளந்தார். ஷூவைக் கழற்றப் போனேன். "ஷூவோடதானே சார் விளையாடப் போறீங்க?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆறடி நான்கு அங்குலம் என்று விண்ணப்பத்தில் எழுதினார். ஷூ கொடுத்தது போக, தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்திருப்பார் போல. டைப் அடித்து வரும் எதையும் நம்பிவிடும் சுபாவம் எனக்கு. என் உயரத்தையும் அப்படியே நம்பினேன்.

அங்கே கூடைப்பந்து என்றால் பிலிப்பினோக்கள் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. போட்டியை நடத்துவதும் அவர்களே, ஆடுவதும் அவர்களே. டீமுக்கு வேறு நாட்டுக்காரன் ஒருவன்தான் களத்தில் இறங்கலாம். அவனுக்கு 'இம்போர்ட்' என்று பெயர். எங்கள் டீமில் அந்த இடத்தை லாரி ஓட்டும் ஒரு சூடான்காரர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார். அவர் எம்பினால் திரும்பத் தரைக்கு வருவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிடலாம். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய துண்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.

மற்ற நாட்களில் குடோன். அங்கே என் திறமைக்கு மரியாதை இருந்தது. "தம்பி, அந்த மேல் ரேக்கு பெட்டி... நீ சும்மா கைய நீட்டுனாலே வந்துரும்," என்பார் கும்பகோணத்துக்காரரான சூப்பர்வைசர். பழைய ஏணி உடைந்தபோது யாரும் புதிது வாங்கவில்லை. நான்தான் வந்துவிட்டேனே.

வெள்ளிக்கிழமை தோறும், பக்கத்து ஊரான அஜ்மானில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தால், மனைவியின் தம்பி இடையில் பிடுங்கிக் கேட்பான்: "அத்தான், உங்க மேட்ச் எந்த சேனல்ல வரும்?" முதல் லீவில் ஊருக்குப் போவதற்குள் ஒரே ஒரு மேட்சாவது ஆடிவிட வேண்டும். வேறு லட்சியம் எனக்கு இல்லை.

லீவு நெருங்கிய நேரத்தில் சூடான்காரர் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பினார். அந்தத் தங்கை நன்றாக இருக்கட்டும். ஷோரூமில் வேலை பார்த்த எங்கள் பிலிப்பினோ கேப்டன், என் தோளுயரம்கூட இல்லாதவர், என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு "யல்லா" என்றார். கிளம்பு என்று அர்த்தம்.

களத்தில் கால் வைத்ததுமே எதிரணி மேனேஜர் கையைத் தூக்கினார். இம்போர்ட் ஆறடி மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. முதலாளியோ என்னை ஆறடி நான்கு என்று ஊரெல்லாம் பீற்றி வைத்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என்னைக் கண்டு பயந்திருக்கிறார். ஆனால் அளந்தால் ஆட்டம் போய்விடும்.

நடுவர் டேப்போடு வந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். அவர் டேப்பைப் பார்த்தார், பிறகு எதிரணி மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆறடி ஒன்று. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓகே, ஓகே. லெட் ஹிம் ப்ளே," என்றார். ஓர் ஆட்சேபத்தை அவ்வளவு கனிவாக வாபஸ் வாங்கிய மனிதரை நான் கண்டதில்லை. முதலாளி செல்போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். அது அடிக்கவேயில்லை.

ஆடினேன். என்னை மறிக்க அவர்கள் ஒருவரையும் ஒதுக்கவில்லை. கூடைக்கு நேர் எதிரே, கையில் பந்தோடு, தன்னந்தனியாக நின்றேன். எறிந்த பந்து வளையத்தின் மேல் உருண்டு, சற்று யோசித்து, வெளியே விழுந்தது. கேப்டன் "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிப் பெஞ்சைக் காட்டினார்.

மறுநாள் குடோனில் மேல் ரேக்கின் அடியில் புத்தம்புது அலுமினிய ஏணி நின்றிருந்தது.

"முதலாளி அனுப்பிருக்காரு தம்பி," என்றார் சூப்பர்வைசர், என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்றுவரை எட்டிய ரேக்கு இன்றைக்கும் எட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஏணியை விரித்து, கீழே குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாம ஏறு. நான் புடிச்சிக்கிறேன்."