பழுகாமத்துத் தோணி

அந்தத் தோணியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்பதுதான் வயதோடு மாறியிருக்கிறது.

இரண்டாவது உலகப் போர் தொடங்காத காலம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படும். நாங்கள் குடியிருந்த வளவும், வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கம் இருந்த வயலும் அம்மாவின் பெயரில் இருந்தன. ஆனால் அந்த வயலின் நெல்லை எப்போது கொடுப்பது, கொடுத்து என்ன வாங்குவது என்பதை அப்பாவும் அம்மாவின் தமையனான அம்மானும் வெற்றிலைத் தட்டத்தின் முன் உட்கார்ந்து முடிவு செய்துவிடுவார்கள். முடிவு செய்த பிறகு அம்மாவிடம் தேநீர் கேட்பார்கள்.

அப்பா வாவியில் இறால் பிடிப்பவர். அவருடைய தோணி அடி உளுத்துக் கரையேறிய அன்றே அம்மா சொல்லிவிட்டாள், அந்தப் போக நெல்லைக் கொடுத்து ஓடாவியிடம் புதுத் தோணி கட்டுவிக்க வேண்டும் என்று. ஓடாவி எங்கள் தெருவிலேயே இருந்தார். நான்கு மாதம் ஆகும் என்றார். அதுவரை அப்பா வேறொருவர் தோணியில் பங்குக்குப் போகலாம் என்பது அம்மாவின் எண்ணம். அம்மானுக்கு அது பொறுக்கவில்லை. தன் மச்சான் இன்னொருவன் தோணியில் ஏறுவதா? பழுகாமத்தில் அவருடைய நெடுநாள் கூட்டாளி ஒருவர் தன் தோணியை விற்க இருந்தார். பழையதுதான், ஆனால் நாளைக்கே தொழிலுக்குப் போகலாம் என்று அம்மான் அப்பாவின் காதைக் கடித்தார்.

நெல் மூட்டைகள் வண்டி ஏறின. ஓடாவிக்குக் கொடுக்கத்தான் போகிறது என்று அம்மா நினைத்திருந்தாள். மறுநாள் பகல் அப்பாவும் அம்மானும் ஒரு தோணியை வலித்துக்கொண்டு எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். புதிதாகத் தார் பூசி, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது அது.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். தோணியின் பக்கத்தை நகத்தால் சுரண்டினாள்.

"இதென்ன, தாருக்குள்ள மரம் கிடக்கா, இல்ல தாரே மரமாப் போச்சா?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மானின் முகம் கறுத்தது. "பொம்புளைக்குத் தோணியப் பத்தி என்னகா தெரியும்? போய்ச் சோத்தப் பாரு."

"என்ட நெல்லுக்கு வந்த தோணி. என்னட்டக் கேட்காம ஆரட்டக் கேட்டீங்க?"

அப்பா குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சோறு ஆக்கினாள். ஆனால் அம்மானுக்குப் போடவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். அந்தத் தோணியில் கால் வைப்பதில்லை என்று அம்மா சபதம் செய்தாள். வயலுக்குப் போக வேண்டுமென்றால் வெயிலில் ஒரு மைல்கட்டைத் தூரம் நடந்து ஓடத்துறைக்குப் போனாள்.

நானும் அம்மாவோடு சேர்ந்து கொதித்தேன். எங்களுக்கு ஒரேயொரு தொல்லைதான் இருந்தது: தோணி நன்றாக இருந்தது. பத்து நாளாகியும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அப்பா பறி நிறைய இறாலோடு வந்தார். அம்மான் நாள்தோறும் படலைக்கு வெளியே நின்று, அம்மாவுக்குக் கேட்கும்படி, "என்ன மச்சான், தண்ணி கிண்ணி வருதா?" என்று சத்தமாக விசாரித்தார். அம்மா தேங்காயைச் சிரட்டை தெரியத் துருவினாள். அந்தத் தோணி கெட்ட தோணியாக இல்லாதது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

ஒரு நாள் மத்தியானம் அப்பா உறங்கும்போது மட்டிச் சிப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். பின்பக்கத்து இருக்கைப் பலகைக்குக் கீழே, அடிப்பலகைகளின் இடுக்கில், தண்ணீர் புகாதிருக்கத் தாரில் தோய்த்த தேங்காய்த் தும்பு திணித்திருந்தது. அதைச் சுரண்டி இழுத்தேன். ஒரு சாண் வந்தது. கோபம் அடங்கவில்லை, இன்னொரு சாண் இழுத்தேன். உரிந்த தாரை மேலே வைத்து அமுக்கிவிட்டேன். அப்பா பின்னேரம் தள்ளும்போது கரையிலேயே தண்ணீர் ஏறும், ஊர் பார்க்கும், அம்மான் வாயை மூடுவார். என் கணக்கு அவ்வளவுதான்.

நான் வீட்டுக்கு வந்து சிறிது நேரத்தில், அக்கரையிலிருந்து ஒற்றை வள்ளத்தில் வந்த ஒருவர் அம்மாவின் வயலில் மாடுகள் இறங்கிவிட்டன என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அம்மா சபதத்தை மறந்து துறைக்கு ஓடினாள். அப்பா தோணியைத் தள்ளினார். அம்மா ஏறினாள். நான் கரையில் நின்றேன். ஏறவேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பாவின் கையில் இருந்த, தோணி வலிக்கும் சவளைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன்.

நடுவாவியில் தோணி தாழ்ந்தது. அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. அப்பா அவளுடைய தலைமயிரைப் பிடித்து மேலே வைத்திருக்க, வலைபோட்டுக்கொண்டிருந்தவர்கள் போய் இருவரையும் ஏற்றிவந்தார்கள். அம்மா கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கினாள். மூச்சு வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் சொன்னனா, இல்லையா? கொல்லவா பாத்தீங்க அண்ணனும் மச்சானுமாச் சேர்ந்து?"

அவளுடைய குரல் துறை முழுக்கக் கேட்டது. அம்மான் தலை நிமிரவில்லை. அம்மா பிழைத்த நிம்மதியில் அழுதுகொண்டிருந்த நான் அதைப் பார்த்து மனம் குளிர்ந்து போனேன்.

தோணியை இழுத்துக் கவிழ்த்தபோது அப்பா இடுக்கு நெடுகப் பெருவிரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. சிப்பி கீறிய புது மரத்தைத் தடவினார். பிறகு தார் ஒட்டியிருந்த என் கைகளைப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டுக் கையக் கழுவு, புள்ள."

தோணி தாழ்ந்த வெட்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மான் பழுகாமத்துக்குக் கிளம்பினார். "வேணாம் மச்சான், உடுங்க" என்று அப்பா இரண்டு தரம் தடுத்தார். ஏன் என்று அம்மான் கேட்டதும் அப்பா வலையை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினார். அம்மான் போய், கூட்டாளியை அவருடைய பெண்சாதி பிள்ளைகள் பார்த்திருக்கக் கள்ளன் என்று சொல்லிக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தார். அந்த மனிதர் பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாராம். அதையும் அம்மான் எங்களுக்கு நடித்துக் காட்டினார். நெல் திரும்பி வந்தது. ஓடாவி புதுத் தோணி கட்டினார். அம்மா அதற்குச் சந்தனம் வைத்தாள். அந்தப் பழுகாமத்துக்காரரின் பேச்சை நம்பி அதன் பிறகு யாரும் எதுவும் வாங்குவதில்லை என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு காலையில் அந்தப் பழுகாமத்துக்காரர் எங்கள் துறை வழியாகப் போனார். மெலிந்திருந்தார். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், நான் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். அவரைக் கண்டதும் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கடந்து போகும்வரை நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நம்மள ஏமாத்தின ஆளுக்கு ஏன் அப்பா எழும்பி நிக்கிறீங்க?"

"முனையப் புடி" என்றார் அப்பா.

நான் வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பாவுக்கு ரோசமே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.