எமெலினா எரியக் கண்ட கடிதம்

எங்கள் மருத்துவமனையில் ஓடுவது ஒரு லிஃப்ட்தான். மற்றொன்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே 'பழுது' என்ற அட்டையோடு நிற்கிறது. ஓடுகிற லிஃப்டில், பொத்தான்களுக்குப் பக்கத்தில், ஒரு மர முக்காலியில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருப்பவள் எமெலினா. கீழிருந்து ஆறாம் மாடிக்குப் போக, நின்று நின்று, நாலு நிமிடம் ஆகும். முந்தின நாள் தொலைக்காட்சியில் வந்த பிரேசில் தொடரின் முக்கால் மணி நேரக் கதையை அந்த நாலு நிமிடத்துக்குள் அவள் சொல்லி முடித்துவிடுவாள். இரண்டாம் மாடிப் பிரசவப் பிரிவில் இறங்குகிறவர்களுக்கு ஆரம்பம் மட்டும் கிடைக்கும். நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே பிரிவு மூன்றாம் மாடி, எனக்குப் பாதிக் கதை. முடிவு வேண்டுமென்றால் ஆறுவரை போய்விட்டு இறங்கி வரவேண்டும். அவசரமாக வந்த டாக்டர்கள்கூட அப்படிப் போய்வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கதை சொல்லும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் மின்சாரம். எங்கள் காமகுவே நகரில் எந்தப் பகுதிக்கு எப்போது கரண்ட் போகும் என்று பட்டியல் ஒட்டுவார்கள். பட்டியலில் இல்லாத நேரத்திலும் போகும். திங்கள், புதன், வெள்ளி எட்டரை மணித் தொடரை முழுதாகப் பார்க்கிற வீடு அபூர்வம். ஆளுக்குத் துண்டு துண்டாகத்தான் கதை தெரியும். ஆனால் எமெலினா குடியிருப்பது மருத்துவமனைக்குப் பின்தெருவில். அந்தத் தெருவுக்கும் மருத்துவமனைக்கும் ஒரே இணைப்பு. ஊரே இருண்டாலும் அங்கே விளக்கு எரியும்.

"எங்க தெருவுல கரண்ட் போனதே இல்ல. எட்டரைக்கு உட்கார்ந்தா நாற்காலிய விட்டு நான் எழுந்திருக்கிறதும் இல்ல. ஒண்ணு விடாம பார்க்கிறவ நான்" என்பாள். பெருமையடிக்கிற குரலில் அல்ல, தராசில் எடை சொல்கிற குரலில். அவள் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை, மே மாதம் வரை.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை நகரம் முழுவதும் கரண்ட் இல்லை. மறுநாள் காலை லிஃப்டில் நிற்க இடமில்லை. எமெலினா கதையைச் சொன்னாள். பண்ணை முதலாளி சாவதற்கு முன் எழுதிய கடிதம், வேலைக்காரி ஜந்தீராதான் தன் மகள், சொத்து அவளுக்கே என்று சொல்லும் ஒரே கடிதம், முதலாளியின் தம்பி அன்செல்மோ கையில் சிக்கிவிட்டது. அவன் அதை எரித்துவிட்டான்.

"சமையலறை அடுப்புல. நீல நெருப்பு. முள்கரண்டியில குத்திப் பிடிச்சு, மெதுவா, கறி வாட்டுற மாதிரி எரிச்சான் பாவி. பார்த்துட்டே இருந்தேன், என் கால் ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு. அது கூட ஞாபகம் இருக்கு."

நர்ஸ் இடல்மிஸுக்கு அன்று கண்ணில் நீர் வந்தது. ஜந்தீரா இனி கடைசிவரை துணி துவைக்க வேண்டியதுதான் என்று நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எதிர்பாராமல் பாதி ஊருக்குக் கரண்ட் இருந்தது. அன்றைய பகுதியில் வக்கீல் தன் பையைத் திறந்து ஒரு கடிதத்தை வெளியே எடுத்தார். அதே கடிதம். மூலைகூடக் கருகவில்லை.

திங்கள் காலை இடல்மிஸ் லிஃப்டுக்குள் வந்ததும் கேட்டாள்: "என்னக்கா, சாம்பல்ல இருந்து கடிதம் முளைச்சிருக்கு?"

"எரிஞ்சதை நான் பார்த்தேன்."

"நாங்க முழுக் கடிதத்தப் பார்த்தோமே. மொத்த ஊரும் பார்த்துச்சு."

"அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் பார்த்தது எனக்குத் தெரியும்."

"சரிக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆறாம் மாடி எத்தனாவது மாடின்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அவள் மீதிக் கதையைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒருமுறை நாலாம் மாடியில் நிறுத்த மறந்து ஐந்துக்குப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் நூறு முறையாவது அப்படி நடந்திருக்கும், யாரும் எண்ணியதில்லை. இந்த முறை எண்ணினார்கள். ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டால், அதற்கு முன் வெறும் தற்செயலாக இருந்ததெல்லாம் சாட்சியாக வந்து வரிசையில் நிற்கிறது.

நுவேவிதாஸ் ஊரில் இருக்கும் அவள் தங்கை ஒனெலியாவின் காதுக்கும் இது போயிற்று. ஒனெலியா கெட்டவள் அல்ல. அவர்களுடைய அம்மா ஒன்பது வருடம் ஞாபகம் போய்க் கிடந்து இறந்தாள். அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, எழுந்து அலையாமல் கதவைப் பூட்டி வைத்துக் காத்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான். ஒனெலியா தொலைபேசியில் பேசியதை எமெலினா எனக்கு அப்படியே சொன்னாள்.

"அம்மாவுக்கும் தொடர்லதான்க்கா ஆரம்பிச்சுது. செத்துப்போன ஆளு நேத்து வந்தான்னு சொல்லுவா. நாம சிரிச்சோம். சிரிச்சுட்டு ரெண்டு வருஷத்தை விட்டுட்டோம். இந்த தடவை விடமாட்டேன். ஜூன் கடைசி ஞாயிறு வர்றேன், பெட்டியக் கட்டி வை. வேலையும் வேண்டாம், தனி வீடும் வேண்டாம்."

எமெலினா சொன்ன பதில்: "என் தலை கெட்டுப்போச்சுன்னா நானே பெட்டியத் தூக்கிட்டு வர்றேன். கெடலேன்னா வரமாட்டேன். எதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

நரம்பியல் டாக்டர் அவளைக் கடிகாரம் வரையச் சொன்னார், தேதி கேட்டார், பத்துச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரி. "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆனா இது மெதுவா வர்ற சமாச்சாரம்" என்றார். அந்தப் பதில் ஒனெலியாவுக்கும் போதவில்லை, எமெலினாவுக்கும் போதவில்லை.

தன் தெருவில் விசாரித்தாள். மூன்று வீடுகளில் "ஆமா, எரிஞ்சுதே" என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இல்லை.

"அவங்க தொலைக்காட்சியில பார்த்தாங்களா, என் வாயில இருந்து கேட்டாங்களான்னு அவங்களுக்கே தெரியல சார். நான் சொன்னதே எனக்குச் சாட்சியா வருது. அது கணக்குல சேராது."

நான் யாரையும் எளிதில் மெச்சுகிறவன் அல்ல. படித்தவர்கள் பலர் தங்கள் பக்கம் வரும் சாட்சியை இப்படிக் கையால் தள்ளிவிட்டு நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பிறகு அவள் யோவாந்திரியைப் பிடித்தாள். வாராவாரம் படங்களையும் தொடர்களையும் டிஸ்கில் நிரப்பிக்கொண்டு வீடு வீடாக வந்து பிரதி எடுத்துக் கொடுப்பவன். வயது நாற்பது, எதற்கும் அவசரப்படாதவன்.

"மார்ச் மாசத்துதா? அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு அக்கா. புதுசா கொரியாத் தொடர் வந்திருக்கு, எடுத்துக்கங்க. அதுல யாரும் எதையும் எரிக்கிறதில்ல."

"எனக்கு மார்ச் பத்தொன்பது, புதன்கிழமை வேணும்."

"தேதி சொல்லி மீன் வாங்குற மாதிரி கேக்கறீங்களே."

"உன்கிட்ட இல்லேன்னா யார்கிட்ட இருக்குன்னு சொல்லு."

ஐந்து முறை அவன் வீட்டுக்கு நடந்தாள். ஆறாவது முறை, தன் மாமன் மகனிடமிருந்து பென் டிரைவில் வாங்கிவந்து கொடுத்தான். அது ஜூன் கடைசி சனிக்கிழமை. மறுநாள் ஒனெலியா வருகிறாள்.

"நீங்களும் வாங்க. எக்ஸ்ரேயில இருக்கிறத மட்டும்தானே சொல்லுவீங்க, இருக்கணும்னு நினைக்கிறத சொல்லமாட்டீங்களே" என்று என்னை அழைத்தாள்.

மதியம் போனேன். காபி கொடுத்தாள், தட்டில் கொய்யா அல்வாவும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். அவள் எதையும் தொடவில்லை. தொடர் தொடங்கியது. முதல் காட்சியில் அன்செல்மோ கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தான். அடுத்தது கல்யாண உடைச் சண்டை. ஒவ்வொரு பாத்திரமும் பேசுவதற்கு முன்பே எமெலினா அந்த வசனத்தைச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

பிறகு பாதிரியாரை ஒரு நாய் கடித்தது. எமெலினா வசனம் சொல்வது நின்றது. பாதிரியாருக்குக் கட்டுப் போட்டார்கள். அதற்கடுத்து ஜந்தீரா துவைக்க எடுத்த சட்டையின் பையில் கடிதத்தைக் கண்டாள், படித்தாள், அதைத் தன் மார்புக்குள் செருகிக்கொண்டு, அதே அளவில் வேறொரு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அடுத்த காட்சி சமையலறை. நீல நெருப்பு, முள்கரண்டி. அன்செல்மோ காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எரித்தான்.

எமெலினா தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"எரிஞ்சது உண்மை" என்றேன். "நீங்க பார்த்தது சரி."

"நாயை நான் பார்க்கல. அவ காகிதத்த மாத்தினத பார்க்கல. பார்த்துட்டு மறந்திருந்தா, தங்கச்சி சொல்றதுதான் சரி."

"நம்ம ஊர்ல ஒளிபரப்பும்போது வெட்டியிருப்பாங்க."

"இருக்கலாம். எனக்கு அது ரொம்ப வசதியான பதில். அதனாலதான் அத எடுத்துக்கப் பயமா இருக்கு."

மறுபடி ஓட்டினாள். காகிதமும் பென்சிலும் எடுத்து, தெரிந்த காட்சிக்குக் கோடு, தெரியாத காட்சிக்கு வட்டம் போட்டாள். கோடுகள், பிறகு சேர்ந்தாற்போல் வட்டங்கள், பிறகு மறுபடி கோடுகள். வட்டங்கள் மொத்தம் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

"அம்மா மறந்தது இப்படி இல்ல" என்றாள் மெதுவாக. "அங்கொண்ணு இங்கொண்ணா உதிரும். இது கத்தரியால வெட்டின மாதிரி இருக்கு."

பிறகு தன் பாதங்களைப் பார்த்தாள்.

"என் கால் ஏன் சார் சில்லுன்னு இருந்துச்சு?"

அவள் பார்வை பின்கதவு வழியாகக் கொல்லைக்குப் போனது. அங்கே இரண்டு நீலப் பீப்பாய்கள், பக்கத்தில் சுருட்டிப் போட்ட ரப்பர் குழாய். எழுந்து வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

முதல் வீட்டில் கேட்டாள்: "கடிதம் எரிஞ்ச அன்னிக்குப் பாதிரியாரை நாய் கடிச்சுதே, பார்த்தியா?" இல்லை என்றார்கள். இரண்டாம் வீட்டில் இல்லை. மூன்றாம் வீட்டில், "பாதிரியாரையா? ஐயோ பாவம், எப்போ?" என்றார்கள். நாலாவது வீடு எவேலியோவுடையது. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், ஒரு காலைச் சாய்த்து நடப்பவர், எதையும் குறித்து வைப்பவர்.

"என்ன நாய்? நான் கடிதம் எரிஞ்சதையே பார்க்கல. நீ சொல்லிக் கேட்டதுதான்."

"மார்ச் பத்தொன்பது அண்ணே. உங்க காலண்டரைக் காட்டுங்க."

சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரை அவர் மார்ச்சுக்குப் புரட்டினார். மூன்று நாளுக்கு ஒருமுறை நீலப் பென்சிலில் பெருக்கல் குறி. தெருக் குழாயில் தண்ணீர் வந்த நாட்கள். பத்தொன்பதாம் தேதியில் குறி இருந்தது. கீழே நேரமும் இருந்தது: எட்டே முக்கால்.

"ரெண்டு பீப்பாய் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?"

"நம்ம மோட்டாருக்குப் பன்னிரண்டு நிமிஷம். எனக்கு மூணு பீப்பாய், பதினெட்டு. கூடவே நிக்கலேன்னா மோட்டார் காற்றை இழுத்துக் கருகிடும், தெரியும்ல?"

எமெலினா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊரே இருட்டில் இருந்தபோது வெளிச்சம் இருந்த ஒரே தெரு அது. அந்தத் தெருவின் அத்தனை பேரும் அந்தப் பன்னிரண்டு நிமிடம் கொல்லையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஈரக் காலோடு உள்ளே வந்து, எரிகிற காகிதத்தைப் பார்த்து, தொடக்கத்திலிருந்தே உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

"நாற்காலிய விட்டு எழுந்திருக்கிறதே இல்லன்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றாள். "மூணு நாளைக்கு ஒருதரம் எழுந்திருக்கேன். தண்ணி பிடிக்கப் போறத எழுந்திருக்கிறதாவே நான் நினைக்கல."

வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்ததாகவே மனம் குறித்துக்கொள்வதில்லை. நாம் எங்கெல்லாம் இல்லாமல் இருந்தோம் என்பது நமக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான்.

மறுநாள் ஒனெலியா ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். எமெலினா அவளை உட்காரவைத்து அந்தப் பகுதியை முழுதாகப் போட்டுக் காட்டினாள். கோடும் வட்டமும் போட்ட காகிதத்தைக் கையில் கொடுத்தாள். எவேலியோவின் காலண்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒனெலியா எளிதில் விடவில்லை. தெருவில் ஏழு வீட்டில் நாயைப் பற்றித் தானே கேட்டாள். கடைசியில் கொல்லைப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா கடைசிவரைக்கும் ஒரு தடவைகூட, 'நான் எதையோ விட்டுட்டேன் போல'ன்னு சொன்னதில்லக்கா."

"எனக்குத் தெரியும்டீ. நானும் நேத்து ராத்திரி அதைத்தான் நினைச்சேன்."

"சரி. பெட்டி இங்கேயே இருக்கட்டும். தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பில்ல."

"பெட்டியையும் எடுத்துட்டுப் போ. அது இங்க இருந்தா நீ அடிக்கடி வந்து பார்ப்பே."

ஒனெலியா சிரித்துவிட்டாள். மாலை வண்டியில் பெட்டியோடு திரும்பிப் போனாள்.

திங்கள் காலை லிஃப்டில் இடல்மிஸ் நின்றிருந்தாள். எமெலினா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு விடாம பார்க்கிறவன்னு சொன்னேன். அது பொய். பன்னிரண்டு நிமிஷம் விட்டிருக்கேன்." பிறகு நாயையும், சட்டைப் பையையும், மாற்றி வைத்த காகிதத்தையும் சொன்னாள். மூன்றாம் மாடி வந்தது. நான் இறங்கவில்லை.

"அப்போ கடிதம் எரிஞ்சுதா, எரியலையாக்கா?" என்றாள் இடல்மிஸ்.

"எரிஞ்சது எரிஞ்சதுதான். கடிதம்னு நினைச்சது நானும் அன்செல்மோவும்."

அந்த வாரமே அவள் தெருவில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். தண்ணீர் வரும் நாளில், வீடு வீடாக முறை வைத்து, ஒருவர் மட்டும் தொலைக்காட்சி முன்னால் உட்கார வேண்டும். அவருடைய பீப்பாய்களை மற்றவர்கள் நிரப்புவார்கள். முடிந்ததும் பார்த்தவர் தெருமுனையில் நின்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். முதல் முறை எவேலியோவுடையது. அவருக்குக் கதை சொல்ல வராது.

"அன்செல்மோ உள்ள வந்தான். கோவமா இருந்தான். போயிட்டான்" என்றாராம்.

"கையில என்ன வச்சிருந்தான்?"

"கையா? கையை நான் பார்க்கலியே."

"பரவாயில்ல அண்ணே. 'கையைப் பார்க்கல'ன்னு அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாளாம் எமெலினா. மறுநாள் லிஃப்டில் அவள் சொன்ன கதையிலும் அது அப்படியே இருந்தது: அன்செல்மோ உள்ளே வந்தான், கோபமாக இருந்தான், கையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.