கழலாத சாவி

நெவில் ட்ரெலோரின் பத்து விரல்களும் பத்துத் திசையில் நிற்கும். எல்லாம் பந்து ஒடித்தவை.

பதினேழு வயதில் மெல்போர்னின் பெரிய ஃபுட்பால் கிளப் ஒன்று அவனைக் கூட்டிப்போனது; பந்தைக் கையாலும் பிடிக்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பால். முட்டி போய், இரண்டாவது குளிர்காலத்திலேயே கோதுமை வயல்களுக்கு நடுவிலிருக்கும் எங்கள் வரினாப்புக்குத் திரும்பிவிட்டான். முட்டி சரியாகும்வரை ஒரே ஒரு சீசன் என்று சொல்லித்தான் ஊர் அணியின் சட்டையை மாட்டினான். கோல் கம்பங்களுக்கு முன்னால், எதிரியின் தோளில் முட்டியைப் பதித்து எகிறிப் பந்தைப் பிடிப்பான். மைதானத்தைச் சுற்றி நிற்கும் கார்களெல்லாம் ஹாரன் அடிக்கும். ஆட முடியாமல் போனதும் கோச் ஆனான். அதுவும் ஒரு சீசனுக்குத்தான்.

அவன் ஆட்களின் முட்டிகளுக்கு டேப் சுற்றுகிறவன் நான். ஊர் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த என்னை இழுத்துவந்து நிறுத்தியவனும் அவன்தான். பயிற்சிக்கு ஆள் வரவில்லையென்றால் ஆடு மயிர் கத்தரிக்கும் கொட்டகை வரைக்கும் தேடிப்போவான். இடைவேளையில் கத்தமாட்டான், தரையைப் பார்த்துப் பேசுவான். குரல் தாழத் தாழ நாங்கள் இன்னும் நெருங்கி நிற்போம்.

அவன் மனைவி கிளெனிஸுக்குக் கடல் வேண்டும். வடக்கே குவீன்ஸ்லாந்தில் தங்கை வீட்டுப் பக்கம் போய்விடவேண்டும். சீசன் முடியும் ஒவ்வொரு செப்டம்பரிலும் இதோடு முடிந்தது என்பான் நெவில். அக்டோபரில் கிளப்பின் ஆண்டுக் கூட்டம் வந்துவிடும். இந்த முறை அவள் ஒரு கேரவன் வாங்கி, கூட்டத்தன்று மத்தியானம் அதைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளப்புக்கே வந்துவிட்டாள்.

எங்கள் வழக்கப்படி கூட்டத்தில் எல்லாப் பதவியும் காலி என்று அறிவிப்பார்கள். கோச் பதவி வந்ததும் பழைய கோச் எழுந்து வெளியே போய் நிற்கவேண்டும். உள்ளே கைதட்டினால் ஆள் முடிவாகிவிட்டது, திரும்பி வரலாம். நிற்கப்போவதில்லை என்று தலைவர் மெர்வ் ஹாப்னரிடம் நெவில் முன்பே சொல்லியிருந்தான். பார்க்கலாம் என்றாராம் மெர்வ். கோச் இல்லையென்றால் எங்கள் அணியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் கிளப் சமையலறை ஜன்னலோரம், இறைச்சி 'பை' பலகாரம் சூடாகும் அடுப்பருகே நின்றிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே கார், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கோச் பதவி வந்ததும் வெளியே போன நெவில் அதன் பக்கத்தில் நின்றான்.

"ஏறு, போலாம்," என்றாள் கிளெனிஸ்.

"கிளப் சாவிய மட்டும் குடுத்துட்டு வந்துடறேன்."

"உள்ள போகாத நெவ். இதோ இவர் நிக்கிறாரே, இவர்கிட்ட குடு."

நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். வீட்டுச் சாவி, கொட்டகைச் சாவி, கிளப் சாவி எல்லாம் ஒரே இரும்பு வளையத்தில். வளையத்தின் வாயைப் பிரிக்க அவன் விரல்கள் வளையவில்லை. கிளப் சாவி பாதி கழன்று அங்கேயே நின்றது.

"வளையத்தோட குடுத்துடேன்," என்றாள் கிளெனிஸ்.

"வீட்டுச் சாவி இருக்குல்ல."

உள்ளே கைதட்டினார்கள். அத்தனை வருடப் பழக்கம். அவன் சாவியைத் திருகிக்கொண்டிருக்க, கால்கள் கதவுப் பக்கம் நடந்தன. என் கை ஜன்னலில் நீட்டியபடியே இருந்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். வேறு யாரும் பேர் கொடுக்கவில்லை, அவனையே முடிவு செய்துவிட்டோம் என்றார் மெர்வ்.

"நம்ம பசங்க அந்த ஊர்க்காரன் மஞ்ச சட்டையப் போட்டுட்டு ஓடணுமா?"

"உன் தொப்பைக்கு அது ஏறாது மெர்வ்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை.

நெவில் தலை நிமிரவில்லை. வளையத்தையே திருகிக்கொண்டிருந்தான். அதை யோசனை என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒரு வருஷந்தான்," என்றான், தரையைப் பார்த்து.

மறுபடி கைதட்டல். அது அடங்கும்போது வெளியே கியர் மாற்றும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கேரவன் நிதானமாக நகர்ந்து, சாலைக்கு ஏறி, வடக்கே திரும்பியது. நெவிலும் கேட்டிருப்பான். மெர்வின் கை அவன் தோள்மேல் இருந்தது.

பாதி கழன்ற சாவியை நகத்தால் தள்ளினான். அது தடையில்லாமல் வளையத்துக்குள் திரும்பிப் போனது.