ரோக்கி தன் சாவைத் தானே அறிவித்த கேசட்

பிலோமினா கேசட்டை டெக்கில் போட்டுவிட்டாள். பொத்தானை அழுத்தத்தான் விரல் வரவில்லை.

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கின் ஓர் அறை. நடுவில் ஜீப்பின் முன்சீட். மேலே கூம்பு ஸ்பீக்கர். பக்கத்தில் கைக்குட்டை சுற்றிய மைக். சீட்டில் யாராவது உட்கார்ந்தால் அவளுடைய அப்பா ரோக்கியின் குரல் பேசும்: லாட்டரி, சர்க்கஸ், ஓட்டு, சாவு. மைக் கட்டிய ஜீப்பில் கொச்சி முழுக்கச் சுற்றி அறிவிப்புச் சொன்னவர் அவர். இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கலைக் கண்காட்சியில் இது அவளுடைய அறை. சாயங்காலம் திறப்பு. தெருவே வரும். அண்ணன் ஆன்டோவும் வருவான்.

கேசட்டைக் கொண்டுவந்தவர் அந்த ஜீப்பை ஓட்டிய ஹம்ஸா.

“இது என்ன, இக்கா?”

“உங்க அப்பச்சனோட சாவு அறிவிப்பு. அவரே பேசி வச்சது. வேற எவன் பேசினாலும் வீட்டுப் பேரைக் கொன்னுடுவான்னு பயம். அவர் போனப்ப நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். போட ஆளில்ல.”

“நீங்க கேட்டீங்களா?”

“சாவு சேதிய முன்கூட்டியே கேக்க எனக்கென்ன கிறுக்கா, மோளே?”

ரோக்கிக்குக் காலையில் ஒரு கட்சி, மதியம் எதிர்க்கட்சி. இரண்டுக்கும் ஒரே தொண்டை, ஒரே சீரகத் தண்ணீர். ஓட்டு கேட்கும் முன் மைக்கில் ஊதுவார். சாவுக்கு ஊத மாட்டார், ஒருமுறை இருமுவார். அந்த இருமல் கேட்டதும் பெண்கள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பார்கள். ஒருதரம் வீட்டுப் பெயர் மாறிப்போய், உயிரோடு இருந்தவர் வாசலில் மலர்வளையங்கள் குவிந்தன. அந்த மனிதர் ஜீப்பை மறித்து, “ரோக்கி, என் அடக்கம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அதன்பின் மக்கள், மருமக்கள் பெயரையெல்லாம் வீட்டாரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் ரோக்கி மைக்கைத் தொட்டதில்லை. அவர் அறிவிப்பில் ஒரு பெயர் இல்லையென்றால், அது மறதி அல்ல என்று ஊருக்கே தெரியும்.

பிலோமினா நவாஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து ரோக்கி அவளோடு பேசவில்லை.

“பயமா இருக்கு, இக்கா. மக்கள் பேர் சொல்வாரே. அதுல நான் இல்லன்னா?”

ஹம்ஸா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “இல்லன்னா சர்க்கஸ் கேசட்டைப் போடு. அதுல யானையாவது இருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெட்ஃபோனை மாட்டினாள். அழுத்தினாள்.

மழை. தகரக் கூரையில் விழும் மழை. பிறகு இருமல்.

“கொச்சுகடவில் வீட்டில் ரோக்கி காலமானார். மனைவி, காலஞ்சென்ற ரீத்தா. மக்கள், ஆன்டோ, மருமகள் லின்சி…”

குரல் நின்றது. மழை மட்டும். இல்லை, நான் இல்லை என்று நினைத்தாள்.

ஒரு சொடுக்கு. மழை அறுந்தது. மின்விசிறியின் இரைச்சல். அவர் குரல்தான், ஆனால் மெலிந்து, கிழடு தட்டிய குரல்:

“பிலோமினா. மருமகன் நவாஸ்.”

மறுபடி சொடுக்கு. மறுபடி மழை, வெறும் மழை. பிறகுதான் பழைய குரல்: “அடக்கம் எப்போதென்று சர்ச்சில் கேட்டுக்கொள்ளவும்.”

அவள் நிறுத்தினாள். திருப்பி ஓட்டிக் கேட்டாள். பெயருக்கு முன்னும் பின்னும் அந்தப் பழைய மழை பேச்சில்லாமல் மிச்சமிருந்தது. எதையும் அழித்துவிட்டு அவள் பெயரைச் சொல்லவில்லை. முதலிலேயே இடம் விட்டுவைத்து, பல காலம் கழித்து நிரப்பியிருக்கிறார். மைக்கில் மௌனம் விட்டால் ஆள் கலைந்துபோகும் என்று பயந்தே பிழைத்த மனிதர்.

“இருக்கா?” என்றார் ஹம்ஸா.

“இருக்கு.”

“பின்ன ஏன் மறுபடி ஓட்டிக் கேட்ட?”

அந்த இடம் எத்தனை காலம் காலியாகக் கிடந்தது? நிரப்பியது எப்போது? அவள் ஒருமுறை தேடி வந்திருந்தால் முன்பே நிரம்பியிருக்குமா? ஹம்ஸாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

இரண்டு சொடுக்குகளையும் வெட்டி மழையை ஒட்டவைக்க அவளுக்குச் சில நிமிடம் போதும். செய்யவில்லை. வெளியே ஆன்டோ யாரிடமோ வழி கேட்கும் சத்தம் வந்தது. பிலோமினா ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கிவிட்டுக் கூம்பு ஸ்பீக்கரின் வயரைச் செருகினாள்.